மூன்றடிக்குக் கீழே

வீடு கட்டும் இடத்தில் சின்னக் குழந்தைக்கு எது ஆபத்து என்று கேட்டால் எல்லோரும் மாடியையும் சாரத்தையும் காட்டுவார்கள். நான் தண்ணீரைக் காட்டுவேன். கான்கிரீட் போட்டால் தண்ணீர் காட்டியே ஆக வேண்டும். ஐ.எஸ். 456 விதி சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் கேட்கிறது. சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கும் வறண்ட வெயிலுக்கும் 10 நாள். திருச்சியில் எங்கள் சைட்டுகளுக்கு இரண்டும் பொருந்தும். தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துவோம், தூணுக்குச் சாக்கு சுற்றுவோம். அதற்காகவே மூலைக்கு ஒரு டிரம், ஓரத்தில் சம்ப். குழந்தை மூழ்குவதற்கு ஆழம் தேவையில்லை. அந்த வயதில் தலைதான் கனம். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது.

ஊராருக்குக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த நான் சொந்த வீட்டுக்குக் கடைக்கால் எடுத்தபோது மகள் நடை பழகிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாட்களில் அவளும் சைட்டுக்கு வந்தாள். மேஸ்திரியிடம் நான் வைத்த முதல் நிபந்தனை, எல்லா டிரம்முக்கும் மூடி.

"மூடிய திறந்து திறந்து மூடுனா சித்தாளுக்கு நேரம் போகுமே மேடம்."

"போகட்டும்ண்ணே. அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி."

சம்ப்புக்கு மேல்மூடி வந்து பூட்டு மாட்டிய பிறகுதான் லாரித் தண்ணீர் இறங்கியது.

அடுத்தது சிமென்ட். குழைத்த கலவை கடுங்காரம். கொத்தனார்களின் விரலிடுக்கைப் பார்த்தவர்களுக்கு அது தோலை என்ன செய்யும் என்று தெரியும். டைல்ஸ் அறுக்கும் நாளிலும் பட்டி தேய்க்கும் நாளிலும் மகளை அழைத்துவரவே இல்லை. அந்தத் தூளில் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் நுரையீரலின் அடி வரை போகும்.

எனக்கு அப்படி நாள் பார்க்க முடிந்தது. சாரக்கம்பில் தூளி கட்டிவிட்டுக் கல் சுமக்கும் சித்தாளுக்கு முடியாது. 1996-இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது. தனி வீடு கட்டும் மனையில் ஐம்பது பெண்கள் எங்கே வருவார்கள்? மூன்று பேர், மிஞ்சினால் ஐந்து பேர். முன்னறைக்குத் தளம் போட்டு முட்டுப் பிரித்ததும் அதைப் பெருக்கி, வாசலுக்குக் குறுக்கே பலகை அடைத்து, பாய் போட்டேன். என் மகளும் அவர்களுடைய பிள்ளைகளும் அங்கேதான் தூங்கினார்கள். மூத்த சித்தாள் ஒருவர் பார்த்துக்கொண்டார். அவருக்கும் முழுச் சம்பளம். இதைப் புண்ணியக் கணக்கில் எழுதவில்லை. சட்டி சுமக்கும்போது பிள்ளை எங்கே என்று திரும்பிப் பார்க்க வேண்டியிராத பெண் தடுமாறுவதில்லை, அவ்வளவுதான்.

பினிஷிங் கட்டத்தில்தான் வீட்டுக்குள் வாக்குவாதம். பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு ஏற வேண்டும், அடுப்படி மேடையின் கிரானைட் முனையைக் கூடுதலாக உருட்ட வேண்டும் என்றார் கணவர். குழந்தை மூன்றடிக்குக் கீழே இருப்பது கொஞ்ச காலம். வீடு இரண்டு தலைமுறை நிற்கும். கழற்றக்கூடியதைக் குழந்தைக்காக வாங்கலாம், கழற்ற முடியாததை வீட்டுக்காகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. மேடை முனைக்கு ரப்பர் பட்டை போதும். பிளக் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். துளை தானாக மூடிக்கொள்ளும் சாக்கெட்டும், மெயின் போர்டில் மின்கசிவு வந்ததும் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி.யும் போட்டால், நாளைக்குச் சுவரில் துளை போட வருகிறவரையும் சேர்த்தே காக்கும்.

படிக்கட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது ஸ்டீல் குழாய்களைப் படுக்கையாக ஓட்டுவதுதான் மோஸ்தர். குழந்தைக்கு அது ஏணி. செங்குத்துக் கம்பிதான், இடைவெளி 10 செ.மீ.க்குள்தான் என்றேன், அதற்கு மேல் விட்டால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். வெல்டிங்காரர் நம்பவில்லை. அளவான ஓர் உரித்த தேங்காயைக் கொடுத்து, எந்த இடத்திலும் இது உள்ளே போகக் கூடாது என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டவர், அதற்குப் பின் ஒவ்வொரு கம்பிக்கும் தேங்காயை வைத்துப் பார்த்துத்தான் பற்றவைத்தார்.

தாத்தா வீட்டிலிருந்து வந்த தேக்குக் கதவு இன்னொரு பிரச்சினை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அந்தக் கதவிலோ அதற்கு முந்தைய எனாமல், அடுக்கடுக்காக. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் தரையில் படியும். தரையைத் தொட்ட கையைத்தான் குழந்தை வாயில் வைக்கும். கதவைப் பட்டறைக்கே அனுப்பிச் சுரண்டி வாங்கினோம். அப்பாவுக்கு வருத்தம், வாடகை வண்டிக்காரருக்கு லாபம்.

குளியலறைக் கதவில் உள்தாழ்ப்பாள் வேண்டாம், வெளியிலிருந்து காசைச் செருகித் திருகினால் திறக்கும் பூட்டு போதும் என்று முடிவெடுத்தேன். குழந்தை உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டால் கதவை உடைக்க வேண்டியதில்லை. அத்தைக்குப் பிடிக்கவில்லை.

"நான் குளிக்கிறப்ப யாராச்சும் திறந்துட்டா?"

"உங்களுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தா யாராச்சும் திறக்கணுமே, அத்தை."

யோசித்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார், அந்தக் காசு தன் சுருக்குப்பையில் இருக்கும் என்ற நிபந்தனையோடு. குளிக்கப் போகும்போது சுருக்குப்பையையும் எடுத்துக்கொண்டுதான் போகிறார்.