காற்றின் கணக்கு

1957 ஏப்ரல் 2ஆம் நாள் மாலை அமெரிக்காவின் டல்லாஸ் நகருக்குள் ஒரு சுழற்காற்று புகுந்தது. டொர்னாடோ என்பார்களே, அது. நம் வங்கக்கடல் புயல் நாட்கணக்கில் அறிவித்து வரும். இதுவோ இடிமேகத்திலிருந்து தும்பிக்கை போல் இறங்கித் தெருக்களைத் துழாவிவிட்டு மறையும். அன்று நகரத்தார் பலர் ஓடி ஒளியவில்லை; காமிராவும் கையுமாக நின்றனர்! துணிச்சலா, பேதைமையா, நான் அறியேன். ஆனால் அறிவியலுக்கு அது பெருஞ்செல்வம்.

காற்று கண்ணுக்குத் தெரியாது. அதில் சுழலும் பொருள் தெரியும். வால்ட்டர் ஹோக்கர் என்னும் ஆய்வாளர் அப்படங்களில் சிதறல்கள் நகர்ந்த தொலைவை அளந்து, மணிக்கு 170 மைல் வரை வேகம் கண்டு, 1960இல் வெளியிட்டார்.

அந்தப் படத்தை அண்மையில் விடுதியில் பார்த்தேன். பௌதிக மாணவன் அல்லவா, நானும் புள்ளிகளையே தொடர்ந்தேன். ஒரு புள்ளி புரண்டபோது தட்டையாகத் தெரிந்தது. யார் வீட்டுக் கூரையோ! அன்று இறந்தோர் 10 பேர். “வேகக் கணக்கில் அவர்களுக்கு ஏது இடம்?” என்றார் உடனிருந்த வங்காள நண்பர். கணக்கு சரிதான்; என் மனம் ஒப்பவில்லை.

1971இல் டெட் ஃபுஜிட்டா வகுத்த அளவுகோலோ வீடுகளிடமே கேட்டது: கூரை மட்டும் போயிற்றா, சுவருமா? கருவி நிற்க முடியாத இடத்தில் வீடே கருவி. 2007 முதல் அமெரிக்கர் கையாளும் திருத்திய அளவுகோலிலும் வீடு, பள்ளி, மரம் என்றுதான் பட்டியல் நீள்கிறது.