சார் என்றால் சண்டை

வெள்ளி, இரவு

பாளையங்கோட்டைச் சிநேகிதனிடமிருந்து போன். எடுத்ததும், "ஏலே, இருக்கியா, போய்ச் சேந்துட்டியா?" என்றான். "ஒன்னக் கொண்டுபோய் வச்சிட்டுத்தாம்ல போவேன்" என்றேன். பக்கத்தில் காலைக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "நல்ல வார்த்தையே வராதா இந்தப் பயலுவளுக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இதே ஆள் ஒருமுறை, கைமாற்று விஷயத்தில் மனத்தாங்கல் வந்த சமயம், "சொல்லுங்க சார், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று ஆரம்பித்தான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. எங்கள் கூட்டத்தில் மரியாதை கூடினால் சண்டை என்று பொருள். 'லே' திரும்பி வருகிறவரை சோறு இறங்காது.

ஞாயிறு

மச்சான், மாப்ள, மாமா. சிநேகிதனைக் கூப்பிட நம் ஆட்கள் எடுத்துக்கொண்ட முறைகளில் முக்கால்வாசி கொள்வினை கொடுப்பினை வழி வந்தவை. ஊரில் வளர்ந்தவர்களுக்குக் காரணம் தெரியும். அண்ணன் முன்னால் அடக்கமாக நிற்க வேண்டும். அத்தை மகனையும் அக்கா புருஷனையும் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பண்ணலாம், கோபித்துக்கொண்டால் அவருக்குத்தான் சிறுமை. அந்தச் சலுகைக்காகவே எதிர்வீட்டுக்காரனை மச்சானாக்கிக்கொள்கிறோம். சென்னையில் அவன் மச்சி. இலங்கையில் சிங்களப் பையன்கள்கூடத் தங்களுக்குள் 'மச்சாங்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

மதுரை, திருச்சிப் பக்கத்துப் 'பங்கு'தான் எனக்குப் பிடிபடவில்லை. பங்காளி என்றாலே வரப்புத் தகராறும் வாய்தாவும் அல்லவா ஞாபகம் வரும்? நாகர்கோவில்காரர்கள் எந்த வம்பும் வேண்டாமென்று 'மக்கா'வோடு நிறுத்திக்கொண்டார்கள்.

என் மனைவியின் தோழிகளுக்குள் உறவுமுறையே கிடையாது, எல்லாம் கால்நடைதான். "சொல்லுடி எரும" என்று ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் ஓடும். எனக்கு மட்டும் "என்னங்க". கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

புதன்

'தல' என்பது 2001-இல் 'தீனா' வந்தபின் அஜித்துக்கு ஒட்டிக்கொண்ட பட்டம். இனி அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று 2021 டிசம்பரில் அவரே அறிக்கை விட்டார். எங்கள் முக்குக் கடைக்கு அந்த அறிக்கை இன்னும் வந்து சேரவில்லை: "தல, ரெண்டு டீ, ஒண்ணுல சக்கர கம்மி."

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இந்த 'ப்ரோ'தான் எனக்கு ஆகவில்லை. பார்சல் கொண்டுவருகிறவரும் ப்ரோ, பைக்கில் உரசிவிட்டுப் போகிறவனும் ப்ரோ, கூடப் படித்தவனும் ப்ரோ. ப்ரோ என்று கூப்பிட்டுவிட்டு ஒருவனை எப்படித் திட்டுவது? திட்டவே முடியாதவன் என்ன சிநேகிதன்?

வெள்ளி

ஆபீசில் காலையிலேயே கரண்ட் போனது. நாலு மேசையிலிருந்து ஒரே குரல்: "என்ன கொடுமை சார் இது!" 2005-இல் 'சந்திரமுகி'யில் பிரபு நெஞ்சு வெடித்துச் சொன்ன வசனம். 2007-இல் 'சென்னை 600028' வந்தபோது பிரேம்ஜி அதிலிருந்த 'சரவணன்' என்ற பெயரைக் கழற்றிவிட்டு 'சார்' போட்டுக்கொண்டார். அழுகை போய்ச் சிரிப்பாகிவிட்டது. சண்டை வராத சார் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

சாயங்காலம், புதிதாகச் சேர்ந்த பையனிடம் காசு கொடுத்து ரெண்டு மெதுவடை வாங்கிவரச் சொன்னேன். வாய் நிறையச் சார் போடுகிற பையன். பொட்டலத்தில் ஒன்றுதான் இருந்தது.

"இன்னொண்ணு எங்க?"

உதட்டில் தேங்காய்ச் சட்னியோடு, "அதாண்ணே இது" என்றான்.

'கரகாட்டக்காரன்' வந்தது 1989-இல். இவன் அப்போது பிறக்கவே இல்லை. கவுண்டமணியும் செந்திலும் வாழைப்பழத்துக்கு அடித்துக்கொண்டதை டிவி காமெடிச் சேனலிலும் மீம்ஸிலும் பார்த்திருப்பான். வசனம் கிடக்கட்டும், அதோடு சேர்ந்து 'அண்ணே'யும் வந்துவிட்டதே! அரை மணி கழித்து, நான் மேசைமேல் வைத்திருந்த அந்த ஒற்றை வடையைப் பார்த்துவிட்டு மறுபடி வந்தான்.

"என்னண்ணே, அத வச்சுப் பூசை பண்ணப் போறீங்களா?"