மொதல்ல அந்த ஃபேன நிறுத்துங்க

"உங்க ஆடியோவெல்லாம் தெளிவா இருக்கே டாக்டர், என்ன மைக் வச்சிருக்கீங்க?" இந்த ஒரு வாரத்துல பதினோரு பேர் கேட்டுட்டீங்க. வீட்டுல சின்னதா ஒரு ரெக்கார்டிங் ரூம் போட என்னென்ன வாங்கணும், எவ்வளவு ஆகும்னும் கேட்கறீங்க. சொல்றேன். ஆனா அதைச் சொல்லணும்னா ஒரு மைக் செட்காரரைப் பத்திச் சொல்லியாகணும். நீளமான இழை, பொறுமையா படிங்க.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர்ல கிளினிக். காது சீழ், குறட்டை, தைராய்டுன்னு தினமும் இருபது பேருக்கு ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதால, அதையெல்லாம் ஆடியோவா பதிஞ்சு வாட்ஸப்ல அனுப்பலாம்னு போன வருஷம் ஒரு யோசனை. மாடியில ஒரு ரூம் காலியா கிடந்தது. உடனே என்ன பண்ணேன்? எல்லாரும் பண்றதுதான். யூடியூப் பார்த்தேன்.

ரெண்டு மாசம் பார்த்தேங்க. கண்டென்சரா டைனமிக்கா, இந்த மாடலா அந்த மாடலான்னு நூறு வீடியோ. 38,000 ரூபாய்க்கு ஒரு மைக் கார்ட்ல ஏறி உக்காந்துருந்துச்சு. நடுவுல பரோட்டா கடையில சொல்லி வச்சு முட்டை அட்டை வேற நூத்துச் சொச்சம் சேர்த்து வச்சிருந்தேன், சுவர்ல ஒட்ட. ஒரு நிமிஷம்கூட எதையும் பதிவு பண்ணலை.

அப்பதான் அண்ணன் வந்தார். அனுமதி வாங்கித்தான் எழுதறேன், பேரு வேணாம். வயசு 58. நாப்பது வருஷமா சவுண்ட் சர்வீஸ். எங்க சுத்துப்பட்டுல காதுகுத்து, கல்யாணம், திருவிழா எதுவா இருந்தாலும் "ஹலோ... மைக் டெஸ்டிங்" அவர் குரல்தான். அந்தக் குரல் அஞ்சு மாசமா கம்மிப்போய் இருந்துச்சு. "சீசன்ல கத்திக் கத்திக் கட்டிக்கிச்சு சார்" என்று அவரே முடிவு பண்ணிக்கிட்டு கற்பூரவள்ளி, மிளகுப்பால்னு ஓட்டியிருக்கார். பீடி மட்டும் நிறுத்தலை.

(குரல் கம்மல் மூணு வாரத்தைத் தாண்டினா குரல்வளையை ஒரு தடவை உள்ள பார்த்துடணும். ரெண்டு நிமிஷ வேலை. அதுலயும் புகைக்கிறவங்க ஒரு நாளும் தள்ளிப்போடாதீங்க.)

உள்ள பார்த்தேன். பார்த்ததுமே தெரிஞ்சுது. பயாப்ஸி, ஸ்கேன் எல்லாம் முடிஞ்சு பெரிய ஊர் புற்றுநோய் மருத்துவமனையில சொன்னதும் அதேதான்: குருத்தெலும்பைத் தாண்டிடுச்சு, குரல்வளையை முழுசா எடுக்கணும். உயிருக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா அதுக்கப்புறம் மூச்சு கழுத்துல இருக்கற துளை வழியா. பிறந்ததுல இருந்து இருக்கற குரல் திரும்ப வராது. தேதி குடுத்தாங்க. 18 நாள் இருந்துச்சு.

அறுவை சிகிச்சைக்கு முன்னாடி நோயாளியோட சொந்தக் குரல்லயே தினசரி வாக்கியங்களைப் பதிஞ்சு வச்சுக்கற பழக்கம் ஒண்ணு இருக்கு, மெசேஜ் பேங்கிங்னு சொல்வாங்க. பின்னாடி ஃபோன்ல பட்டனைத் தட்டினா அவர் குரல்லயே "சாப்ட்டியா?" வரும். நான் சொன்னேன், "அண்ணே, மாடியில ஸ்டுடியோ போடப் போறேன். புது மைக் நாளைக்கே ஆர்டர் பண்றேன். பத்து நாள்ல வந்துடும்."

அவர் சிரிச்சார். சத்தம் வரலை, தோள் மட்டும் குலுங்குச்சு. "பதினெட்டுல பத்து போயிடுச்சுன்னா மிச்சம் எத்தன சார்?"

சரி, ரூமையாவது பாருங்கன்னு கூட்டிட்டுப் போனேன். ஆறு படி ஏறினதுமே மூச்சு இரைச்சுது. கட்டி மூச்சுப் பாதையையும் அடைக்க ஆரம்பிச்சிருந்துச்சு. ஒரு டாக்டரா அது எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். தோணலை. மைக் ஞாபகத்துலயே இருந்திருக்கேன்.

கீழ காது கேட்கும் திறன் சோதிக்கற சின்ன அறை இருக்கு. சத்தம் புகாத கண்ணாடிக் கதவு. இதைவிட ஸ்டுடியோ வேற என்ன வேணும்னு பெருமையா திறந்து காட்டினேன். உள்ள தலைய விட்டு ஒரு தடவ கை தட்டினார். "டப்பாக்குள்ள பேசறாப்ல இருக்கும். மூச்சும் முட்டும், வேணாம்." ரெண்டுமே சரி. அவ்வளவு சின்ன அறையில அடிக்குரல் சுவருக்குச் சுவர் மோதி வீங்கித்தான் கேட்கும். அமைதியான ரூம் வேற, நல்லா ஒலிக்கிற ரூம் வேற. நூறு வீடியோவுல எனக்குப் புரியாதது ஒரு கைதட்டல்ல புரிஞ்சுது.

கடைசியில மருந்து அட்டைப்பெட்டி அடுக்கி வச்சிருக்கற ஸ்டோர் ரூம்ல நின்னார். கை தட்டினார். இன்னொரு தடவ தட்டினார். "இது போதும். மொதல்ல அந்த ஃபேன நிறுத்துங்க."

நீங்களும் இங்கருந்தே ஆரம்பிங்க. காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி ரூமைக் கேளுங்க. ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க. முட்டை அட்டையைக் காட்டினப்ப "கரப்பான் குடியிருக்க நல்ல எடம்"னார். ஆண் குரலோட அடிநாதம் 100 ஹெர்ட்ஸ் பக்கம். அந்த ஒலி அலையோட நீளமே ஏறக்குறைய மூணரை மீட்டர். அரை விரல் தடிமன் காகிதக் கூழ் அதை என்ன பண்ணும்? தீப்பிடிக்கிற ஆபத்துதான் மிச்சம். தடிமன் வேணும். அவர் வீட்டுல இருந்து ரெண்டு இலவம்பஞ்சு மெத்தை வந்துச்சு. பேசறவர் முதுகுக்குப் பின்னாடி ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, ஜன்னல்ல ஜமுக்காளம். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க: மெத்தை எதிரொலியைக் குறைக்கும், தெருச் சத்தத்தைத் தடுக்காது. அதுக்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேணும். அது கட்டட வேலை.

மைக் அவரோடது. ஷூர் எஸ்எம்58, வலை நசுங்கினது. 1966ல வந்த மாடல், இன்னமும் விக்குது. கண்டென்சர் மைக் நுணுக்கமா எடுக்கும், மறுக்கலை. ஆனா அது எதிர்வீட்டுக் குக்கர் விசிலையும் நுணுக்கமா எடுக்கும். நம்மள மாதிரி ஜன்னல் ஓரத்துல பேசறவங்களுக்கு டைனமிக் மைக்கை வாய்க்கு நாலு விரக்கடைத் தூரத்துல வச்சுப் பேசறதுதான் பாதுகாப்பு. தூரம் ரெண்டு மடங்கானா குரல் 6 டெசிபல் குறையும், ரூம் சத்தம் அப்படியே இருக்கும். மைக்கை மாத்தறதுக்கு முன்னாடி கிட்ட போங்க.

நான் கடையில வாங்கினது மூணுதான். ரெண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒண்ணு, பன்னெண்டாயிரம் சொச்சம். டைனமிக் மைக்குக்கு கெயின் நிறைய வேணும், 50 டெசிபலுக்கு மேல தர்றதா பார்த்து வாங்குங்க. 48 வோல்ட் பட்டன் இருக்கட்டும், நாளைக்கு கண்டென்சர் வாங்கினா உதவும். காதை முழுசா மூடற ஹெட்ஃபோன், அஞ்சாயிரம். ஸ்டாண்டும் கேபிளும் ரெண்டாயிரம். மென்பொருள் ஆடாசிட்டி, இலவசம். பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். முள் மைனஸ் 12ஐச் சுத்தியே ஆடட்டும். பூஜ்யத்தைத் தொட்டா அலையோட தலை வெட்டுப்படும், அதுக்கு மருந்து கிடையாது.

ராத்திரி பத்து மணிக்கு மேல உட்கார்ந்தோம். அவர் செவிச் சோதனைச் சீட்டு என்கிட்ட இருந்துச்சு. ஸ்பீக்கர் பக்கத்துலயே வாழ்ந்தவங்களுக்கு வர்ற மாதிரி 4,000 ஹெர்ட்ஸ்ல ஒரு பள்ளம். அதனால 'உஸ்'ஸுன்னு வர்ற இரைச்சலை நான்தான் பிடிக்கணும். ஆனா அடியில ஒரு 'ம்ம்ம்' ஓடினதை அவர்தான் பிடிச்சார். "எர்த் சரியில்ல. லேப்டாப் சார்ஜர கழட்டுங்க." கழட்டினேன். நின்னுடுச்சு. அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் நான் பேட்டரியிலதான் பதிவு பண்றேன்.

மூணாவது நாள் ஆடி வெள்ளி. மாரியம்மன் கோவில் பாட்டு மெத்தையையும் தாண்டி உள்ள வந்துச்சு. யாரோட செட்? அவரோடதுதான்! அவரே பையனுக்கு ஃபோன் போட்டு, "டேய், மேற்கால இருக்கற குழாய மட்டும் ஆஃப் பண்ணுடா, இங்க ரெக்கார்டிங் போவுது"ன்னார். தொழில்ல சத்தத்தைக் குறைக்கச் சொன்னது அதுதான் மொத தடவையாம்.

பத்து நிமிஷம் பேசுவார், குரல் அடங்கிடும், வெந்நீர் குடிப்பார், உட்கார்ந்திருப்போம். வேர்வை ஊத்தும். ரெண்டாவது ராத்திரியே ஹெட்ஃபோனைக் கழட்டி வச்சுட்டார். "இது என் குரலே இல்ல சார். கரகரன்னு எவனோ பேசறான். இத வச்சுக்கிட்டு என்ன பண்ணச் சொல்றீங்க?" எனக்குப் பதில் வரலை. அண்ணிதான் வாசல்ல நின்னுக்கிட்டு சொன்னாங்க: "அஞ்சு மாசமா இந்தக் குரல்லதான என்னைத் திட்டறீங்க? அதுவே இருக்கட்டும்." திரும்ப மாட்டிக்கிட்டார். அந்தத் திட்டெல்லாம் தனி ஃபோல்டர்ல இருக்கு, அண்ணி கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

நான் ஆர்டர் பண்ணியிருந்தா அந்த மைக் என்னைக்கு வந்திருக்கும்னு சும்மா ஒருநாள் கணக்குப் பார்த்தேன். அதுக்குள்ள எங்க வேலையில பாதி முடிஞ்சிருந்துச்சு. மூச்சு இரைப்பு அதிகமாகி கடைசி நாலு நாள் பதிவே பண்ண முடியலை. மொத்தம் 143 வாக்கியம். இன்னும் எடுத்திருக்கலாம். ரெண்டு மாசம் முன்னாடியே ரூமைத் தயார் பண்ணி வச்சிருந்தா, முதல் நாள் வந்தப்பவே உட்கார வச்சிருப்பேன். நோயைத் தள்ளிப்போட்டு வந்தீங்களேன்னு அவரைக் கடிஞ்சுக்கிட்டவன் நான்.

அறுவை சிகிச்சை நல்லபடியா முடிஞ்சுது. கதிர்வீச்சும் முடிஞ்சுது. இப்ப கழுத்துல வைக்கற மின்குரல் கருவியில பேசப் பழகறார். பேச்சுக் குழாய் பொருத்தறது பத்தியும் பேசிக்கிட்டிருக்காங்க. மைக்கை எனக்கே குடுத்துட்டார். உங்களுக்குத் தெளிவா கேட்கறது அந்த நசுங்கின மைக்தான். கார்ட்ல இருந்ததை எடுத்துட்டேன்.

போன வாரம் செக்கப்புக்கு வந்தப்ப ஒரு நோட்டை நீட்டினார். ஏதோ உடம்புக்குன்னு நினைச்சுப் படிச்சேன். '42வது ஃபைல்ல ப வெடிக்குது. மைக்க கொஞ்சம் சாய்ச்சு வச்சிருக்கணும்.'

போட்டுக் கேட்டேன். பேத்தியைக் கூப்பிடற ஃபைல். "பாப்பா"ன்னு ரெண்டு ப. ரெண்டும் 'டப் டப்'புன்னு வெடிக்குது, உண்மைதான். காத்து நேரா மைக்ல அடிச்சிருக்கு. அடுத்த நாளே பாப் ஃபில்டர் ஒண்ணு வாங்கினேன், அறுநூறு ரூபா. நீங்களும் மறக்காம வாங்குங்க.

அந்த 42ஐ மென்பொருள்ல சரி பண்ணித் தர்றேன்னு சொன்னேன். வேணாம்னு கையாட்டிட்டு நோட்டை வாங்கி எழுதினார். 'பேத்தி அதத்தான் திரும்பத் திரும்ப போடுது. அந்த டப் வந்தா சிரிக்குது.'