சொறிந்தது அவள் குற்றமா?



இருபது ஆண்டுகளாக மக்தப் மதரஸாவில் சிறார்களுக்கு ஓதக் கற்பித்து வருபவன் நான். பாயில் அமர்ந்துவிட்டால் பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் ஓத வேண்டும் என்பதில் கண்டிப்பானவன் என்று ஊரில் எனக்கொரு பெயருண்டு. 2022ஆம் ஆண்டில் என் இளைய மகளும் என் வகுப்பிலேயே ஓதி வந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. மற்றப் பிள்ளைகள் ஒரு வரியை ஓதி முடிப்பதற்குள் அவள் நெற்றியைத் தேய்ப்பாள், கழுத்தைச் சொறிவாள், முழங்கை மடிப்பில் நகத்தைப் பதிப்பாள். "உஸ்தாதின் மகளே இப்படி இருந்தால் மற்றவர்கள் எப்படி இருப்பார்கள்?" என்று கூறி, ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் அவளை எழுப்பி நிற்க வைத்தேன். நின்றாள். நின்றபடியே சொறிந்தாள். அதை ஒழுங்கீனம் என்றே நான் கருதினேன்.

சில வாரங்களில் தோல் வெடித்து நீர் கசியத் தொடங்கியது. கரப்பான் என்றார் என் உம்மா. உடனே வீட்டில் கத்தரிக்காய் நின்றது, கருவாடு நின்றது, இறால், முட்டை, நிலக்கடலை யாவும் நின்றன. எட்டு மாதங்கள் அந்தக் குழந்தை பருப்பும் சோறும் உண்டு மெலிந்தாள். அரிப்பு மட்டும் மெலியவில்லை. அவள் உண்ணும் தட்டைத் துருவித் துருவி ஆராய்ந்த எங்களுக்கு, உடுத்தும் துணியை ஒருமுறை முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லையே!

மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அந்த அம்மையார் முதலில் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. மகளின் தலையில் மக்கனாவை அணிவித்தார். பின் அதை மெல்ல விலக்கிக் காட்டினார். நெற்றியின் மேல் விளிம்பு, கன்னத்தின் ஓரம், தாடையின் அடி என மக்கனாவின் விளிம்பு தொட்ட இடமெல்லாம் கோடு இழுத்தாற்போலச் சிவந்திருந்தது. "இதை எதில் துவைக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் என் மனைவியைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், என் வீட்டில் துணி எப்படி வெளுக்கிறது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

என் மனைவி சொல்லச் சொல்ல எனக்குத் தலை கவிழ்ந்தது. முதலில் சோப்புத் தூளில் ஊற வைப்பது, கூடவே சலவைச் சோடா, கறை தெரிந்தால் ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர், பிறகு நீலம், கடைசியில் விறைப்புக்குக் கஞ்சி. எங்கள் ஊர் கீழக்கரைப் பக்கத்துக் கடலோர ஊர். கிணற்று நீர் உப்பு, நுரை எழாது. எனவே தூளை இன்னும் ஒரு கை அள்ளிப் போட வேண்டும். நல்ல நீரை விலை கொடுத்து வாங்குவதால் அலசுவதோ இரண்டே முறை. அத்தனையும் தங்கிய விறைத்த துணி, வியர்க்கும் நெற்றியில் தினமும் மணிக்கணக்கில் உராய்ந்திருக்கிறது. இவ்வளவு பாடும் எதற்காக? என் வகுப்பில் பெண் பிள்ளைகள் தூய வெண்ணிற மக்கனாவில்தான் வர வேண்டும் என்று நான் விதித்திருந்த கட்டளைக்காக!

மருத்துவர் சொன்னதை, கலைப் பட்டதாரியாகிய எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தோல் ஒரு செங்கற்சுவர் போன்றது. செங்கற்களுக்கு இடையே கொழுப்பு சாந்தாக நிற்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இச்சுவர் பலவீனமானது. இதற்குக் காரணமான மரபணுக் குறைபாடு ஒன்றை ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். சோப்புத் தூள் இந்நோயை உண்டாக்கவில்லை. விரிசல் கண்ட சுவரில் மேலும் அரித்துவிடுகிறது. தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மையுடையது, பி.எச். அளவில் ஏறத்தாழ 5. நாம் தேய்க்கும் சாதாரணச் சோப்புக் கட்டியோ 9 முதல் 10 வரை காரமானது.

பின்னர் கடைக்குப் போனேன். சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஓர் எண் இருக்கும். நம் நாட்டுத் தர நிர்ணயப்படி முதல் தரச் சோப்புக்கு அது 76 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அந்த எண் சோப்பிலுள்ள கொழுப்புப் பொருளின் அளவையே சொல்லும். தோலுக்கு மென்மையானதா என்பதைச் சொல்லாது. மருத்துவர் எழுதித் தந்தது 'சின்டெட்' எனப்படும், காரம் குறைந்த கட்டி. விலை சற்று அதிகம்தான். ஆனால் உடல் முழுவதும் தேய்க்க வேண்டாம், அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் போதும் என்றதால் மாதக் கணக்கில் வருகிறது. 'ஹைபோஅலர்ஜெனிக்' என்ற சொல்லைக் கண்டு நான் மயங்கினேன், நீங்கள் மயங்காதீர்கள். அமெரிக்க அரசு அச்சொல்லுக்கு 1975இல் ஒரு வரையறை கொண்டுவந்தது. 1977இல் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. அதன்பின் அங்கேயே அச்சொல்லுக்குச் சட்டப்படி வரையறை கிடையாது. 'வாசனையற்றது' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட புட்டியிலும் மருந்து நெடியை மறைக்க நறுமணப் பொருள் சேர்ப்பதுண்டு. சேர்மானப் பட்டியலில் 'பெர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' என்ற சொல் உள்ளதா என்று பார்ப்பதே வழி.

இயற்கைப் பொருள் என்றால் தீங்கில்லை என்ற எண்ணமும் எனக்கிருந்தது. ஜைத்தூன் எண்ணெயை வாங்கி வந்து தடவினேன். ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், பெரியவர்களின் தோலிலேயே அவ்வெண்ணெய் அந்தச் சுவரைத் தளர்த்தியது தெரிந்தது என்று மருத்துவர் விளக்கினார். ஜைத்தூனின் பரக்கத்தில் எனக்கு ஐயமில்லை. எங்கள் வீட்டில் அது இப்போது உணவில் சேர்கிறது. குழந்தையின் தோலுக்கு, குளித்த ஈரம் உலருமுன் மணமற்ற வாசலின்.

உப்பு நீரை மென்மையாக்கும் இயந்திரத்துக்குக் கடன் வாங்கவும் துணிந்தேன். இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்துச் செய்து 2011இல் வெளியான சோதனையில், அவ்வியந்திரத்தால் கரப்பான் கூடுதலாகக் குறையவில்லை என்று அறிந்து அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தேன். மாற்றியது இவ்வளவே: மணமில்லாத திரவ சோப்பு, அதுவும் மூடியில் குறித்த அளவுக்குக் குறைவாக, மூன்று முறை அலசல், சோடா, பிளீச்சிங், கஞ்சி மூன்றுக்கும் விடை. மதரஸாத் தரையைப் பினாயில் விட்டுத் துடைப்பதையும் பிள்ளைகள் வரும் நேரத்திலிருந்து இரவுக்கு மாற்றினோம்.

அத்தரை விடுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஜும்ஆவுக்கு அத்தர் பூசுவது என் வாப்பா காலத்து வழக்கம். அதில் ஆல்கஹால் இல்லை, ஆகவே கேடில்லை என்று நம்பியிருந்தேன். நறுமணமே சிலர் தோலுக்கு ஆகாது என்பது தெரியாது. தொழுகை முடிந்து வந்ததும் ஓடிவந்து என் தோளில் கன்னம் வைப்பாள் மகள். வெள்ளி மாலையில் அந்தக் கன்னம் சிவப்பதற்கு நான்தான் காரணமோ என்று எண்ணியபோது நெஞ்சு வலித்தது. இப்போது வீடு திரும்பியதும் ஜிப்பாவைக் கழற்றிக் கழுத்தையும் கையையும் கழுவிய பிறகே அவளைத் தூக்குகிறேன்.

அடுத்த வாரமே வகுப்பில், மக்கனா எந்த நிறத்திலும் இருக்கலாம், பருத்தியாக இருந்தால் போதும், கஞ்சி வேண்டாம் என்று அறிவித்தேன். ஒழுங்கு குலையும் என்று நிர்வாகத்தில் ஒருவர் குறைப்பட்டார். குலையவில்லை. மறுநாள் ஒரு தாய் வந்து, தம் மகளுக்கும் கழுத்தில் அப்படித்தான் இருக்கிறது, உஸ்தாதிடம் சொல்ல அஞ்சினோம் என்றார்.

மகளுக்கு இப்போதும் மார்கழிப் பனியில் அரிப்பு வருவதுண்டு. அப்போது அவள் என் அனுமதியைக் கேட்பதில்லை. எழுந்து போய்க் கையை நனைத்து ஒற்றிக்கொண்டு, பையிலுள்ள சிறு டப்பாவைத் திறந்து பூசிவிட்டு, இளநீல மக்கனாவைச் சரிசெய்தபடி வந்து, விட்ட இடத்திலிருந்து ஓதுகிறாள்.