எண்ணெய் ஒழுகும் எஞ்சின்

பழைய புல்லட் நிற்கும் வீட்டை வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். தரையில் கருத்த எண்ணெய்க் கறை ஒன்று இருக்கும். “எண்ணெய் ஒழுகாத புல்லட்டும் உண்டோ?” என்று சிரித்துவிட்டுப் போவது நம்மவர் வழக்கம். அச்சிரிப்பு நல்லதன்று. ஒழுகும் எண்ணெய் பின்சக்கர டயரில் படிந்தால், காவிரிப் பாலத்தின் நெரிசலில் பிரேக் பிடிக்கும்போது வண்டி சறுக்கும். எண்ணெய் வற்றினாலோ பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி, ஓடும் வண்டி சட்டென நின்றுவிடும். இரண்டிலும் இழப்பு பணத்தோடு முடிவதில்லை.

1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த 350 சி.சி. புல்லட், ஆங்கிலேய நாட்டு ரெட்டிச் நகரத்து அமைப்பையே பல்லாண்டுகள் பின்பற்றியது. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒன்றான புதிய வகை 2008இல் வரத் தொடங்கியது. நாம் இங்குக் கூறுவது அதற்கு முந்தைய, இரும்பு சிலிண்டர் கொண்ட பழைய எஞ்சினைப் பற்றியே. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து எரிக்கும் ஜாவா, ராஜ்தூத் போன்றவற்றிற்கு ஓரளவு புகை இயல்பு. புல்லட்டுக்கு அது நோயின் அறிகுறி.

திருவரங்கத்தில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று உண்டு. தந்தையார் மறைந்தபின் அவருடைய புல்லட் மகனுக்கு வந்தது. அதில்தான் அவர் நாள்தோறும் ஆற்றைக் கடந்து வேலைக்குச் செல்கிறார். எஞ்சின் முழுதும் எண்ணெய்ப் பிசுக்கு, காலையில் நீலப்புகை. பட்டறை ஒன்றில் காட்டியபோது, சிலிண்டரைப் போர் செய்து புதிய பிஸ்டன் போடவேண்டும் என்று கூறிவிட்டனர். அத்தொகை அவர்கள் கையில் இல்லை. பழைய இரும்புக்கே விற்றுவிடலாமா என்று மகன் எண்ணினார். “அப்பா ஓட்டிய வண்டி, தம்பி. ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு விற்கலாமே” என்றார் தாயார். அவருடைய சொல் நியாயமாகவே நமக்குப் பட்டது.

முதலில் எஞ்சினை மண்ணெண்ணெய் கொண்டு கழுவித் துடைத்து உலர்த்தினோம். இணைப்புகளின் மேல் சாக்குக்கட்டித் தூளைத் தூவி, சத்திரம் பேருந்து நிலையம் வரை ஓட்டிவரச் செய்தோம். ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. தூள் முதலில் நனையும் இடமே கசிவின் ஊற்று. இவ்வண்டியிலோ ஓரிடம் என்றில்லாமல் பல இணைப்புகளும் ஒருசேர நனைந்திருந்தன. எல்லாப் பாக்கிங்குகளும் ஒரே வேளையில் கெட்டுப்போவது அரிது. உள்ளே காற்றழுத்தம் மிகுந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழிறங்கும்போதும் அடியிலுள்ள காற்றை அழுத்துகிறது. நிமிடத்திற்கு 3000 சுற்று என்றால், நொடிக்கு 50 முறை! அக்காற்று வெளியேறவே மூச்சுக்குழாய் இருக்கிறது. வெளிக்காற்று திரும்பவும் உள்ளே புகாமல் அதிலுள்ள ரப்பர் வால்வு தடுக்கும். இவ்வண்டியில் குழாய் மடிந்து கிடந்தது. வால்வும் கல்லாய் இறுகியிருந்தது. வெளியேற வழியற்ற காற்று, கிடைத்த இடுக்கிலெல்லாம் எண்ணெயைத் தள்ளியது.

காலைப் புகைக்குக் காரணம் வேறு. இந்த எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி பின்புறத்தில் தனியறையாக உள்ளது. வண்டி நின்றிருக்கும்போது எண்ணெய் பம்பின் வழியே மெல்லக் கசிந்து முன்னறையில் இறங்கிவிடும். அந்நிலையில் அளவுக்கோலை நீட்டினால் எண்ணெய் குறைந்ததாகவே காட்டும். இளைஞர் காலைதோறும் அப்படிப் பார்த்து எண்ணெய் ஊற்றி வந்தார். மிகுதியானது புகையாகவும் கசிவாகவும் வெளியேறியது. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, நிறுத்திய சில நிமிடங்களில் பார்ப்பதே முறை.

குழாயையும் வால்வையும் மாற்றி, எண்ணெயைச் சரியான அளவில் வைத்தபின், ராக்கர் மூடியில் மட்டும் சிறு கசிவு எஞ்சியது. நட்டை மேலும் முறுக்குவது அதற்கு மருந்தன்று; அலுமினியத்தில் மரை அழிந்துவிடும். மூடியின் முகத்தை, கண்ணாடித் தகட்டின் மேல் விரித்த நைஸ் எமரித்தாளில் தேய்த்துச் சமன் செய்து, புதிய பாக்கிங் வைத்தோம். ஒட்டுப்பசையை அள்ளிப் பூசுவதும் கூடாது. உள்ளே பிதுங்கும் பசை எண்ணெய் வழியை அடைத்துவிடும்.

போர் செய்வதே தேவையில்லை என்று நாம் கூறவில்லை. சுமையோடு முடுக்கும்போதெல்லாம் நீலப்புகை தொடர்ந்து வந்தால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கும். பாலத்துச் சரிவில் முடுக்கத்தைத் தளர்த்தி இறங்கிவிட்டு, மறுபடி முடுக்கும் கணத்தில் மட்டும் குபீரென்று புகைந்தால் வால்வு கைடைச் சோதிக்கவேண்டும். சிலிண்டரின் உள்விட்டம் புதிதில் 70 மில்லிமீட்டர். லேத்துப் பட்டறையில் அளவெடுக்கச் சொல்லி, தேய்மானத்தைக் கண்டபிறகே செலவுக்கு உடன்படுங்கள்.

வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கோ ஆற்றுக்கோதான் போய்ச் சேரும். சேர்த்து வைத்துப் பட்டறைப் பீப்பாயில் கொடுத்துவிடுங்கள்.

அந்த வண்டி விற்கப்படவில்லை. இரவில் அதன் கீழ் அட்டைத்துண்டு ஒன்றை இட்டு, காலையில் கறையைப் பார்க்கிறார் மகன். ஊற்றிய எண்ணெயின் அளவும் ஓடிய கிலோமீட்டரும் சிறு குறிப்பேடு ஒன்றில் ஏறுகின்றன. பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அட்டையும் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். எஞ்சின் நலிந்தால் அவையே முதலில் சொல்லும்.