சம்பளமும் சிரிப்பும்

அபிராமபுரத்தில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம். இந்தப் பக்கம் நடந்தால் நாரத கான சபா. அந்தப் பக்கம் நடந்தால் மந்தைவெளி, கிரேஸி மோகன் வாழ்ந்த பேட்டை. 2019 ஜூன் 10-ம் தேதி அவர் காலமானார். இன்றைக்கும் நாலு பேர் காபி குடிக்கிற இடத்தில் அவர் வசனத்தைச் சொல்லி ஒருவர் ஆரம்பிக்க, மூன்று பேர் முடித்து வைக்கிறார்கள்.

'ஆபீஸே உயிரை எடுக்குது ஸார். இல்லேன்னா நானும் எழுதிக் கிழிச்சிருப்பேன்' என்று ஃபைலும் கையுமாகப் பெருமூச்சு விடும் வாலிபர்களுக்குத்தான் இந்த மோகன் புராணம்.

1952-ல் பிறந்தவர். கிண்டி என்ஜினீயரிங் காலேஜில் மெக்கானிகல். சுந்தரம் கிளேட்டனில் உத்தியோகம். ராஜினாமாவை நீட்டிவிட்டுக் காமெடி எழுத உட்காரவில்லை மனுஷர். வேலையில் இருந்துகொண்டேதான் எழுதினார். 1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்காக எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' சக்கைப்போடு போட, வெறும் மோகன் 'கிரேஸி' மோகன் ஆனார். 1979-ல் சொந்தக் குழு. அவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை 1983-ல் கே.பாலசந்தர் 'பொய்க்கால் குதிரை' என்று சினிமாவாக்கினார். கமலோடு 'அபூர்வ சகோதரர்கள்' வந்தது 1989-ல். கணக்குப் பாருங்கள், முதல் கைதட்டலுக்கும் அதற்கும் நடுவே பதிமூன்று வருஷம்! என் பி.காம். மூளைக்கு இது ஒழுங்கான பேலன்ஸ் ஷீட்டாகத் தெரிகிறது. வரவு சம்பளம், செலவு ராத்திரித் தூக்கம்.

படித்த படிப்பும் வீண் போகவில்லை. 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) படத்தில் கல்யாணச் சாம்பாரில் மீன் விழுகிறதே, விழுவது அரை நிமிஷ சமாசாரம். அதற்கப்புறம்தான் மெக்கானிகல் வேலை. ஒருத்தர் ஒன்று கேட்பார். அடுத்தவர் காதில் அது வேறாக விழும். அவர் சொல்லும் பதிலில் ஒரு வார்த்தை மூன்றாமவரை உசுப்பிவிடும். பல் சக்கரம் மாதிரி ஒன்று சுற்றினால் எல்லாம் சுற்றும். நாம் ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு ஜோக் தாண்டிப் போயிருக்கும்.

நாடகத்துக்கு நாடகம் கதாநாயகன் மாது, நாயகி ஜானகி. ஏன் ஜானகி? பள்ளியில் தன்னை மேடையேற்றிய டீச்சரின் பெயர் அது. பேரும் புகழும் வந்தபிறகும் அந்தப் பெயரை அவர் மாற்றவில்லை.

ஆகவே ஸார், டிராயரில் தூங்கும் அந்தப் பாதி நாடகத்தை வெளியே எடுங்கள். ராஜினாமாவெல்லாம் வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் தினம் ஒரு பக்கம். நன்றாக வராவிட்டாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும், கவலை எதற்கு?