கயிற்று முறை மச்சான்கள்

நம் வீடுகளில் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் பரிகாசம் செய்துவிட முடியாது. அதற்கு முறை வேண்டும். மச்சான் கேலி செய்யலாம். மாமன் மகள் கேலி செய்யலாம். அத்தை மகனுக்கு அது பிறப்புரிமை. அதே வார்த்தையைச் சித்தப்பா சொல்லிவிட்டால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. கல்யாண வீட்டு நலங்கில் மாப்பிள்ளையின் தலையில் அப்பளத்தை நொறுக்குகிறார்கள். அவரும் அசடு வழியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மறு வாரம் ஆபீஸில் ஒரு குமாஸ்தா அதே காரியத்தைச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! அப்பளம் ஒன்றுதான், முறைதான் வேறு.

இந்த முறை தாலிக் கயிற்றினால் மட்டும் வருவதில்லை. வேறு ஒரு கயிற்றினாலும் வருகிறது. பூமிக்கு அடியில் இருக்கும் குகைகளுக்குள் இறங்குவதையே பொழுதுபோக்காகக் கொண்ட சிநேகிதக் கூட்டங்களைத்தான் சொல்கிறேன்.

நான் குகைக்குள் இறங்கியவன் அல்ல. கதை எழுதுகிறவனுக்கு மாடிப்படி ஏறுவதே ஒரு சாகசம். ஆனால் குகைக்காரர்களைப் பற்றிய புத்தகம் கிடைத்தால் மட்டும் விடமாட்டேன். அவர்கள் சேற்றில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது நான் சாய்வு நாற்காலியில், கையில் காப்பியோடு, அவர்களைப் பின்தொடர்வேன். இதைவிடச் சௌகரியமான துணிச்சல் உலகத்தில் இல்லை. ஒரு நாள் என் மனைவி கேட்டாள்: “நல்ல காற்றும் வெளிச்சமும் இருக்கிற பூமியை விட்டுவிட்டு இவர்கள் எதற்காகப் பொந்துக்குள் நுழைகிறார்களாம்?”

“சிநேகிதர்கள் கூப்பிடுகிறார்கள், போகிறார்கள்” என்றேன்.

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்ன பதில்தான். பிறகு எத்தனையோ யோசித்தும் அதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பிரதேசத்தில் இங்கிள்பரோ என்று ஒரு மலை. அதன் சரிவில் ‘கேப்பிங் கில்’ என்று ஒரு பெரும் பள்ளம். மழைத் தண்ணீர் யுகயுகமாகச் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக் குடைந்த கிணறு அது. ஓர் ஓடை நேராக அதற்குள் விழுகிறது. ஆழம் சுமார் 100 மீட்டர். 1895-ல் மார்த்தேல் என்ற பிரெஞ்சுக்காரர் கயிற்று ஏணியில் அதன் அடிவரை இறங்கி முதல் மனிதரானார். உள்ளூர் மலையேறிகளும் அதே கிணற்றுக்குத்தான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். விருந்தாளி வந்து முந்திக்கொண்டார்!

இப்போது மே மாதத்திலும் ஆகஸ்டிலும் அந்தப் பக்கத்துக் குகைச் சங்கங்கள் இரண்டு, கிணற்றின் வாயில் இயந்திர ராட்டினம் அமைத்து, பொதுமக்களை நாற்காலியில் உட்கார்த்தி உள்ளே இறக்குகின்றன. அங்கே நெடுங்காலமாக ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: இறங்குவதற்குக் கட்டணமே கிடையாதாம், மேலே வருவதற்குத்தான் காசாம்! இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்தானானால், ராட்டினத்தைப் பிடிக்கிறவர்களை அவன் நம்பிவிட்டான் என்று அர்த்தம்.

இது வெளியாருக்கான கேலி. தங்களுக்குள் அவர்கள் செய்துகொள்வது இன்னும் விசேஷம். கயிறும் ஆகாரமும் கொண்டுபோக ஆளுக்கு ஒரு நீண்ட பை உண்டு. ஒருவன் சற்றே அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அவன் பைக்குள் ஒரு நல்ல கல் இறங்கிவிடும். பாவம், அவன் அதைக் குறுகிய பொந்துகளின் வழியே இழுத்து, உதைத்து, மூச்சு வாங்கி மேலே கொண்டுவந்து சேர்த்துப் பையைக் கொட்டும்போது, அசல் யார்க்ஷயர் சுண்ணாம்புக் கல் ஒன்று காலடியில் விழும். “கல்லைப் போட்டது யார்?” என்ற கேள்விக்கு எந்தக் குகைச் சங்கத்திலும் இதுவரை பதில் கிடைத்ததில்லை. புதிதாக வந்தவனிடம், “இதோ, இந்த ஊர்தல்தான் கடைசி” என்பார்கள். அதற்குப் பிறகு ஏழு கடைசிகள் வரும். “தண்ணீர் கணுக்கால் அளவுதான்” என்பார்கள். கணுக்கால் யாருடையது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பொந்துக்குள் நுழையும் பையன்களின் பேச்சை ஊரார் எளிதில் நம்புவதில்லை என்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1940 செப்டம்பரில், பிரான்சில் மோந்தினியாக் என்ற ஊருக்கு அருகே நான்கு பையன்கள் ஒரு பள்ளத்துக்குள் இறங்கினார்கள். மூத்தவனுக்கு 18 வயது. கையிலிருந்த விளக்கு அவனே செய்துகொண்டது. அந்த வெளிச்சத்தில் சுவரெங்கும் காளைகளும் குதிரைகளும் தெரிந்தன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் தீட்டிய சித்திரங்கள்! அதுதான் பிற்பாடு உலகப் புகழ் பெற்ற லாஸ்கோ குகை. பையன்கள் ஓடிப் போய் ஊர் வாத்தியாரிடம் சொன்னபோது, ‘பயல்கள் நம்மை வைத்து ஏதோ விளையாடுகிறார்கள்’ என்றுதான் அவர் முதலில் சந்தேகப்பட்டார். பள்ளிக்கூடத்தில் பல வருஷம் பழகியவர். வேறு என்ன நினைப்பார்?

கேலிக்கு நல்ல தீனி, தொலைந்த சாமான்கள். நம் வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக் கரண்டி போட்டு எடுத்துவிடலாம். குகைக்குள் விழுந்தது அதற்கும் எட்டாது. கையுறை, கத்தி, கயிற்றில் இறங்குவதற்கான உலோகக் கருவி என்று எது கை தவறினாலும் பள்ளம் விழுங்கிவிடும். வெள்ளம் வந்தால் பையோடு போய்விடும். சேறு பூசிக்கொண்டால் எல்லாக் கயிறும் ஒரே கயிறுதான். ஆகையால் ஒவ்வொரு கூட்டமும் தன் சாமானில் தனி நிறத்தில் நாடா சுற்றி அடையாளம் வைத்துக்கொள்கிறது. அப்படியும் அவை இடம் மாறுகின்றன. ஒருவன் தொலைத்த விளக்கு இன்னொருவன் கையில் கிடைத்தால் உடனே கொடுத்துவிடுவானா? மாட்டான். மாலையில் ‘பப்’பில் எல்லோரும் கூடியிருக்கும் நேரம் பார்த்து, “இதைப் போல ஒரு விளக்கை எங்கேயோ பார்த்திருக்கிறேனே!” என்று ஆரம்பிப்பான். சொந்தக்காரன் கூட்டத்துக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தால்தான் வழக்குத் தீரும்.

ஆனால் சாமான் கை தவறுகிற அந்தக் கணத்தில் யாரும் சிரிப்பதில்லை. தவறவிட்டவன் முதலில் செய்ய வேண்டியது கத்துவது. “கீழே!” என்று ஒரே சொல். பள்ளத்தின் அடியில் நிற்கிறவன் அதைக் கேட்டதும், ‘என்ன விழுகிறது?’ என்று அண்ணாந்து பார்க்க மாட்டான். சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வான். சாமானின் விலையைக் கணக்கிடுவதும், வருந்துவதும், பரிகாசம் பண்ணுவதும் எல்லாம் அப்புறம்.

இப்படியே சில விஷயங்கள் கேலிக்கு அப்பாற்பட்டவை. பையில் கல்லைப் போடலாம். விளக்கை ஒளிக்கக் கூடாது. முன்பெல்லாம் கார்பைடு விளக்கு இருந்தது. கார்பைடு மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட வாயு கிளம்பி எரியும். ஒரு காலத்தில் சைக்கிள்களின் முன்னால் எரிந்த அதே விளக்கு. இப்போது எல்.இ.டி. விளக்கு. எதுவானாலும் ஆளுக்கு மூன்று வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. முடிச்சுகளைத் தொட்டு விளையாடக் கூடாது. விசிலோடும் விளையாடக் கூடாது: ஒரு முறை ஊதினால் ‘நில்’, இரண்டு முறை ஊதினால் ‘மேலே’, மூன்று முறை ஊதினால் ‘கீழே.’ வேடிக்கைக்காக ஊதுகிறவனை அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் நம் மச்சான் முறைக்கும் இதுதான் சட்டம். மச்சான் உங்கள் மூக்கைப் பற்றிச் சபையில் பேசலாம். உங்கள் கடனைப் பற்றிப் பேசக் கூடாது. எதைத் தொடக் கூடாது என்று தெரிந்தவனுக்குத்தான் மற்றதையெல்லாம் தொடுவதற்கு உரிமை.

கேலி செய்ய ஆளில்லாமல் இறங்கியவரின் கதையும் உண்டு. அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்து ஃபிளாய்ட் காலின்ஸ், 1925 ஜனவரி 30-ந் தேதி, ‘சாண்ட் கேவ்’ என்ற குகைக்குள் தனியாக நுழைந்தார். திரும்பும் வழியில் விளக்கு அணைந்தது. இருட்டில் ஒரு கல் பெயர்ந்து காலைக் கவ்விக்கொண்டது. மறுநாள் வரையில் வெளியே யாருக்கும் தெரியாது. பிறகு ஊரே, நாடே கூடி முயன்றும் உயிரோடு மீட்க முடியவில்லை. பதினேழு நாள் கழித்து உடலைத்தான் எட்டினார்கள். காலைக் கவ்விய கல்லின் எடை சுமார் 12 கிலோ. சிநேகிதர்கள் விளையாட்டாகப் பைக்குள் போடும் கல்லைவிட அது அப்படியொன்றும் பிரமாதமாகப் பெரியதல்ல.

சிநேகிதர்கள் கூட இருந்தால் ஆபத்தே வராது என்று சொல்லவில்லை. 1952 ஆகஸ்டில், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பிரனீஸ் மலையில், பியர் சான் மார்த்தேன் என்ற பாதாளத்திலிருந்து மார்செல் லூபான் என்பவரை ராட்டினக் கம்பியில் மேலே இழுத்தார்கள். கம்பியையும் அவருடைய கச்சையையும் பிணைத்த பூட்டு விட்டுப்போயிற்று. விழுந்தவர் பிழைக்கவில்லை. 300 மீட்டருக்கும் மேற்பட்ட அந்தக் கிணற்றிலிருந்து உடலை அப்போது மேலே கொண்டுவர வழியில்லை. தோழர்கள் அங்கேயே கல் அடுக்கி அடக்கம் செய்தார்கள். ஆனால் கணக்கை அத்தோடு முடித்துவிடவில்லை. 1954-ல் திரும்பி வந்து, மறுபடி இறங்கி, அவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சாமானைப் பாதாளத்துக்குக் கொடுத்துவிட்டு வரலாம். சிநேகிதனைக் கொடுத்துவிட்டு வர அவர்களுக்கு மனம் வரவில்லை.

தூரதேசத்துக் கதை வேண்டாமென்றால் நம் கொடைக்கானலுக்கே வாருங்கள். 1991-ல் வந்த ‘குணா’ படத்தால் பெயர் பெற்ற குகை அங்கே இருக்கிறது. 2006-ல் கேரளத்து மஞ்ஞும்மலிலிருந்து உல்லாசப் பிரயாணமாக வந்த ஒரு சிநேகிதக் கூட்டத்தில் ஒருவர் அதன் பிளவுக்குள் விழுந்துவிட்டார். கயிற்றைக் கட்டிக்கொண்டு அவரை எடுக்க இறங்கியவர் அந்தக் கூட்டத்திலேயே ஒருவர். இருவரும் உயிரோடு மேலே வந்தார்கள். 2024-ல் இது மலையாளப் படமாக வந்து தமிழ்நாட்டிலும் அமோகமாக ஓடியது. அந்தப் படத்தில் வழி நெடுகக் கிண்டலும் கேலியும்தான். பார்த்தவர்கள் பலர், ‘இந்த அசட்டுப் பிள்ளைகளா இப்படி!’ என்று ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை.

ஏனென்றால் எனக்கும் இப்படி ஒரு கயிற்று முறை மச்சான் இருந்தார். ரத்த உறவோ, சம்பந்த உறவோ கிடையாது; வெறும் சிநேகிதர். நாற்பது வருஷம் என் குடையை ஒளித்து வைப்பதே அவருக்குத் தொழில். கச்சேரியானாலும் கல்யாணமானாலும் புறப்படும் நேரத்தில் என் குடை வைத்த இடத்தில் இராது. நான் தேடுவேன், அவரும் கூடவே, முகத்தில் மிகுந்த கவலையோடு, தேடுவார். எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது அதே மனிதர் பதினோரு இரவு ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் படுத்துக் கிடந்தார். நான் கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “ஓய், குடை பத்திரமாக இருக்கிறது” என்பதுதான்.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது என் குடை வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கிறது. போகிற இடத்திலெல்லாம் எல்லோரும் எனக்கு மிகுந்த மரியாதை காட்டுகிறார்கள்.